அன்றாடம் காசு பார்க்கும் ஊரும் ஆறு மாதம் காத்திருக்கும் ஊரும்

பழைய_பேரேடு · ஞாயிறு, காலை 7.10

வங்கியில் 34 வருஷம் குப்பை கொட்டினேன். அதில் பாதி கிராமக் கிளைகள். முதலில் நாகப்பட்டினம் கடற்கரையோரம், அப்புறம் மன்னார்குடிப் பக்கம், கடைசியில் காங்கேயத்துக்கும் தாராபுரத்துக்கும் நடுவே ஓர் ஊர். மூன்று இடத்திலும் என் மேசை நகைக்கடன் மேசைதான். ஒரே தராசு, ஒரே விண்ணப்பம், ஒரே வட்டி. ஆனால் எதிரே வந்து உட்கார்ந்த மனிதர்கள் மூன்று உலகம்.

மன்னார்குடியில் ஜூன் மாதம் கூட்டம் நெரியும். மேட்டூரில் தண்ணீர் விட்டுவிட்டார்கள் என்று செய்தி வந்த மறுநாளே சங்கிலியும் தோடும் உள்ளே வரும். தை பிறந்து சம்பா வீட்டுக்கு வந்த பிறகு ஒவ்வொன்றாக வெளியே போகும். நடுவில் யாரும் எட்டிப்பார்க்க மாட்டார்கள். கடற்கரைக் கிளையில் அதே சங்கிலியை ஒரே மாதத்தில் இரண்டு தடவை வைத்து இரண்டு தடவை மீட்டவர்கள் உண்டு. திங்கள்கிழமை வைத்த அம்மா வெள்ளிக்கிழமை சிரித்துக்கொண்டே வந்து மீட்பார். காங்கேயம் பக்கம் இரண்டும் இல்லை. நகை வந்தால் சுலபத்தில் திரும்பாது. போர்வெல் போட, தறி வாங்க, அண்ணன் மகன் பட்டறைக்குப் பங்கு போட என்று காசு ஓடிக்கொண்டே இருக்கும். வட்டி மட்டும் தேதி தவறாமல் வரும்.

பிழைப்புதான் பண்பாட்டை வடிக்கிறது என்பது பழைய பேச்சு. நெல் விளைகிற ஊர் இப்படி, மீன் பிடிக்கிற ஊர் அப்படி என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவோம். எனக்கென்னவோ நெல்லும் மீனும் அவ்வளவு முக்கியமில்லை என்று படுகிறது. உழைப்புக்கும் காசுக்கும் நடுவே எத்தனை நாள் இடைவெளி என்பதுதான் ஆளை மாற்றுகிறது. அன்றே காசு பார்ப்பவன், ஆறு மாதம் காத்திருப்பவன், போட்ட காசு எப்போது வரும் என்றே தெரியாதவன். இந்த மூன்று பேருக்கும் கல்யாணம், கடன், கோயில், சண்டை, ஏன் பேச்சுத் தொனிகூட வேறு.

நான் மேசைக்கு இந்தப் பக்கம் இருந்தே பார்த்தவன். அந்தப் பக்கம் இருந்தவர்கள் சொல்லுங்கள்.

தாளடி · ஞாயிறு, காலை 8.02

சார், நீங்க இருந்த கிளைக்கு எங்க அப்பா வந்திருந்தாலும் வந்திருப்பார். ஜூன் 12 எங்க வீட்ல தீபாவளி மாதிரி. அணை திறக்கிற தேதி தள்ளிப்போனா அம்மா முகமே மாறிடும், ஏன்னா அவங்க கழுத்துச் சங்கிலிதான் விதைநெல்லு.

காத்திருக்கிறதுன்னு சொன்னீங்களே, அது சரியான வார்த்தை. நெல்லைப் போட்டுட்டா மனுஷன் கையில ஒண்ணுமில்ல. தண்ணி வரணும், பூச்சி விழாம இருக்கணும், கதிர் சாயுற நேரத்துல ஐப்பசி கார்த்திகை மழை கொட்டாம இருக்கணும். அதனாலதான் எங்க ஊர்ல எதுக்கும் நாள் பார்ப்பாங்க, பொறுமையாப் பேசுவாங்க, வெத்தலையைக் கிள்ளிக்கிட்டே ஒரு விஷயத்தைச் சொல்ல அரை மணி நேரம் எடுத்துப்பாங்க. சோம்பேறின்னு மத்த ஊர்க்காரங்க சொல்றதுண்டு. அவசரப்பட்டு என்ன பண்றது, பயிர் அவசரப்படாதே!

சித்திரை, வைகாசியில வயல் காஞ்சு கெடக்கும். வேலை கெடையாது. திருவிழா, நாடகம், கச்சேரி எல்லாம் அப்பத்தான். மெலட்டூர் பாகவத மேளா நரசிம்ம ஜயந்தியை ஒட்டி ராத்திரி ராத்திரியா நடக்குதே, அது தண்ணி வர்றதுக்கு முன்னாடி மாசம். நடவு நேரத்துல யாரு விடிய விடிய உக்காந்து பாப்பாங்க? தஞ்சாவூர்க் கலைன்னு உலகம் கொண்டாடுறதுல பாதி, வேலையில்லாத கோடை கொடுத்ததுன்னு நான் சொல்லுவேன்.

இன்னொண்ணு. அந்தக் காலத்துல களத்துமேட்ல நெல்லு அடிச்சதும், வீட்டுக்குக் கொண்டுபோறதுக்கு முன்னாடி தச்சருக்கு, கொல்லருக்கு, வண்ணாருக்கு, நாவிதருக்கு, காவக்காரருக்குன்னு அளந்து கொடுப்பாங்க. அதுக்கு என்ன பேர் தெரியுமா? சுதந்திரம். தாத்தா ‘சுதந்திரம் அளந்தாச்சா’ன்னு கேட்டா ஆகஸ்ட் 15 இல்ல, களத்து நெல்லு.

கொக்கி · ஞாயிறு, காலை 9.25

வெற்றிலை கிள்ளிக்கொண்டு காத்திருந்தது யார் என்று கேட்கலாமா தாளடி?

சேற்றில் இறங்கியவர் ஒருவர், காத்திருந்தவர் வேறொருவர். கோடையில் ‘வேலை கிடையாது’ என்பது நிலம் வைத்திருந்தவருக்கு ஓய்வு, பண்ணையாளுக்குப் பட்டினி. அந்த மாதங்களில் முதலாளியிடம் கடன் வாங்கித் தின்று, அடுத்த நடவில் உடம்பால் கழித்தவர்களின் ‘பண்பாடு’ மெலட்டூரில் ஆடப்படவில்லை. தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புக்கென்று 1952-ல் தனிச் சட்டமே போட வேண்டியிருந்தது என்பதை மறக்க வேண்டாம்.

சுதந்திரம் என்ற சொல் அழகுதான். ஆனால் அளந்து கொடுப்பவர் கை மேலே, வாங்குபவர் கை கீழே. தச்சர் இன்னொரு ஊரில் போய் வேலை செய்ய முடியாதபடி கட்டிவைத்ததும் அதே மரக்கால்தான்.

பேரேடு ஐயாவின் இடைவெளிக் கணக்கை நான் மறுக்கவில்லை. அதையே கொஞ்சம் திருப்பிப் பார்க்கிறேன். ஆறு மாதம் காத்திருக்கும் தொழிலில், உழைப்பவன் வாய் திறந்து கூலி கேட்கக்கூடிய நாட்கள் எத்தனை? கதிர் முற்றி வயலில் நிற்கும் அந்தச் சில வாரங்கள் மட்டும். மற்ற நாட்களில் கேட்டால் ‘போ’ என்பார்கள். கீழ்வெண்மணி 1968 டிசம்பர் 25. சம்பா அறுவடைக் காலம். கூலியாட்கள் கேட்டது கூடுதலாக அரைப்படி நெல். ஒரு குடிசைக்குள் 44 பேர் எரிந்தார்கள். தேதியைப் பாருங்கள், தொழிலின் நாட்காட்டி தெரியும்.

தாளடி · ஞாயிறு, காலை 9.51

மறுக்க ஒண்ணுமில்ல தோழர். எங்க தாத்தா அளந்து கொடுத்த கை. அதை வச்சு எழுதிட்டேன். அம்மா நடவுக்கு எறங்குன ஆளு, அப்பா வழி வேற. அம்மாகிட்ட கேட்டா கோடையைப் பத்தி வேற கதை சொல்லுவாங்க.

கச்சான் · ஞாயிறு, பகல் 12.30

திங்கள்கிழமை வச்சு வெள்ளிக்கிழமை மீட்ட அம்மா எங்க சித்தியா இருக்கலாம். 😀

‘மீன்காரன் கையில் காசு நிக்காது’ன்னு வயக்காட்டுக்காரங்க சொல்றதைக் கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப் போச்சு. நிக்காதுதான். ஏன்னு யோசிச்சீங்களா? நெல்லைக் குதிர்ல கொட்டி வைக்கலாம். மீனை எங்க வைப்பீங்க? ஐஸ் பெட்டி வர்றதுக்கு முன்னாடி, பொழுது சாயறதுக்குள்ள வித்தாகணும், இல்ல கருவாடாக்கணும், இல்ல கொடுத்தாகணும். கொடுத்து வைக்கிறதுதான் எங்களுக்குக் குதிர். இன்னிக்கு என் படகுல பாடு, அதாவது நல்லா மீன் பட்டிருக்கு, பக்கத்து வீட்டுக்காரன் வெறுங்கையோட வந்திருக்கான். நான் ஒரு சட்டி மீன் கொடுக்கிறேன். நாளைக்கு எனக்குப் பாடு இல்லாதப்ப அவன் வீட்ல இருந்து வரும். யாரும் எழுதி வைக்கிறதில்ல, ஆனா யாரும் மறக்கிறதுமில்ல.

பங்கு விஷயம் பாருங்க. எங்க ஊர்ல ஃபைபர் படகுல நாலு பேரு, அஞ்சு பேரு போவாங்க. டீசல், ஐஸ் செலவைக் கழிச்சு, மீதியில படகுக்கும் இன்ஜினுக்கும் வலைக்கும் ஒரு பங்கு, மத்தது ஆளுக்குச் சமம். படகுக்காரனும் கூட வந்தா அவனுக்கும் ஒரு ஆள் பங்குதான். மாமா படகுல நான் போனாலும் மாமாவும் நானும் ஒரே பங்கு. கூலின்னு யாராவது சொன்னா கோபம் வந்துடும். ‘நான் கூலிக்காரனில்ல, பங்காளி.’ அந்தத் திமிர் வயக்காட்டு ஊர்ல வளர முடியாது. காத்து மாறினா, கடல் கொதிச்சா, படகுக்காரனும் ஆளும் ஒரே பலகையில நிக்கிறோம். செத்தா சேர்ந்துதான்.

அதே மாதிரி ஊர்ப் பஞ்சாயத்து. தலைக்கட்டுக்கு வரி, தப்புக்கு அபராதம், எந்த வலை போடலாம் போடக்கூடாதுன்னு முடிவு. வெளியாளுங்க இதைக் கட்டப்பஞ்சாயத்துன்னு ஒரே வார்த்தையில முடிச்சுடுவாங்க. கடல்ல வரப்பு கெடையாது ஐயா. யாருக்கும் பட்டா இல்லாத இடத்துல ஊர் ஒண்ணா நின்னாத்தான் ஒழுங்கு. 2004 சுனாமிக்கு அப்புறம் யார் வீட்ல எத்தனை பேர் போனாங்க, யாருக்குப் படகு போச்சுன்னு கணக்குக் கொடுத்தது எங்க பஞ்சாயத்துதான்.

நெத்திலி · ஞாயிறு, பகல் 1.15

கச்சான் அண்ணே, எல்லாத்தையும் சொன்னீங்க. கரையில நிக்கிற ஆளை விட்டுட்டீங்க. கடலுக்குப் போறவரு மீனைக் கரையில போட்டதோட அவரு வேலை முடிஞ்சுது. ஏலம் எடுக்கிறது, கூடை தூக்குறது, பஸ்ல ஏறிப் பத்து ஊரு சுத்துறது, வர்ற காசை முந்தானையில முடியறது எல்லாம் அம்மா. எங்க அப்பா பீடி வாங்க அம்மாகிட்ட காசு கேப்பாரு. வயக்காட்டு ஊர்ல வாழ்க்கைப்பட்ட என் தோழி அதைக் கேட்டு வாயைப் பொளந்தா.

ஆனா ‘பெண்ணுக்கு அதிகாரம்’னு உடனே கொண்டாட வேண்டாம். பஞ்சாயத்துல அம்மா உக்கார முடியாது. வீட்ல பணம் அம்மா கையில, ஊர்ல பேச்சு அப்பா வாயில.

பேரேடு ஐயா, உங்க வங்கி ஏன் எங்க தெருவுல ஜெயிக்கலைன்னு சொல்லட்டுமா? நீங்க கொடுக்கிற கடன் வருஷக் கணக்கு. எங்க காசு நாள் கணக்கு. அதனால அம்மா தண்டல்தான் வாங்குவாங்க. பத்தாயிரம்னு பேரு, எட்டாயிரத்து ஐந்நூறுதான் கையில வரும், தினம் 100 ரூபா 100 நாளைக்கு. கொள்ளை வட்டின்னு அம்மாவுக்குத் தெரியாதா? தெரியும். ஆனா தண்டக்காரன் சாயங்காலம் வாசல்ல வந்து நிக்கிறான், அன்னிக்கு வித்த காசு அன்னிக்கே போயிடுது. வருஷக் கடைசியில மொத்தமாக் கட்டுன்னா அந்தக் காசைச் சேர்த்து வைக்க அவங்களுக்கு ஒரு இடமே கெடையாது. நகைதான் அந்த இடம். அதனாலதான் திங்கள்ல இருந்து வெள்ளி வரைக்கும் உங்ககிட்ட வந்து வந்து போச்சு.

பழைய_பேரேடு · ஞாயிறு, மாலை 5.40

நெத்திலி அம்மா, இதை 25 வருஷத்துக்கு முன் யாராவது எனக்குச் சொல்லியிருக்கலாம். மீன் விற்கும் பெண்கள் தவணை கட்டவில்லை என்று தலைமை அலுவலகத்துக்கு நான் எழுதிய அறிக்கைகளை நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. ‘சேமிப்புப் பழக்கம் இல்லாதவர்கள்’ என்று எழுதினேன். நகையை மீட்டு மீட்டு அவர்கள் செய்தது சேமிப்புதான் என்று அப்போது உறைக்கவில்லை.

மானிடன்22 · ஞாயிறு, இரவு 9.05

மானிடவியல் மாணவன். ஐயா சொன்ன ‘இடைவெளி’க்குத் துறையில் ஏற்கெனவே பெயர் உண்டு. ஜேம்ஸ் உட்பர்ன் என்பவர் தான்சானியாவின் ஹட்சா மக்களிடம் இருந்து பார்த்துவிட்டு 1982-ல் எழுதினார். வேட்டையும் கிழங்கும் அன்றன்றைக்கே பலன் தரும் சமூகங்களில் சொத்தும் சேராது, தலைவனும் உருவாக மாட்டான். பலன் தள்ளி வரும் சமூகங்களில்தான் வாரிசு, சீர், மூத்தோர் அதிகாரம் எல்லாம் வலுப்பெறும் என்பது அவர் வாதம். கச்சான் சொன்ன ‘கொடுத்து வைக்கும் குதிர்’ கிட்டத்தட்ட அதுவே.

தாளடிக்கு ஒரு செய்தி. சீனாவில் தாமஸ் டால்ஹெல்ம் குழு 2014-ல் வெளியிட்ட ஆய்வு. ஆறு இடங்களில் 1,162 மாணவர்கள். யாங்சி ஆற்றுக்குத் தெற்கே நெல், வடக்கே கோதுமை. நெல் பகுதியிலிருந்து வந்தவர்களிடம் கூட்டு மனப்பான்மை கூடுதல், கோதுமைப் பகுதிக்காரர்களிடம் தனித்து நிற்கும் போக்கு. நெல்லுக்குக் கோதுமையைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு உழைப்பு வேண்டும், வாய்க்காலைப் பகிர வேண்டும், ஒருவர் தனியாகச் செய்ய முடியாது என்பது காரணம். அவர்களே பின்னால் இன்னொரு வேடிக்கையும் செய்தார்கள். காபிக் கடைகளில் நாற்காலிகளை நெருக்கி வழியை அடைத்துவைத்தால், வடக்கத்தி ஆட்கள் நாற்காலியைத் தள்ளிவிட்டுப் போவது அதிகம், தெற்கத்தி ஆட்கள் பெரும்பாலும் உடம்பைச் சுருக்கி நுழைந்து போனார்கள். நகரத்தில் பிறந்து வயலே பார்க்காத ஆட்கள்!

கொக்கி · ஞாயிறு, இரவு 9.40

மன்னார்குடி பஸ்ஸில் ஏறிப் பார்த்துவிட்டு இந்த நாற்காலி ஆராய்ச்சியைச் சொல்லவும். 😀

நெல் கூட்டுறவை வளர்க்கிறது என்றால் தஞ்சையில் யாரோடு யார் கூடினார்கள்? நெல்லுக்கு இரண்டு மடங்கு உழைப்பு வேண்டும் என்பது உண்மை. அந்த உழைப்பை அக்கம்பக்கத்தோடு மாற்றிக்கொண்டும் செய்யலாம், அடுத்தவன் முதுகில் ஏற்றியும் செய்யலாம். பயிர் ‘ஆள் வேண்டும்’ என்று மட்டும்தான் சொல்லும். எந்த முறையில் ஆளைச் சேர்ப்பது என்று பயிர் சொல்லாது. அங்கேதான் சாதியும் நில உரிமையும் வருகின்றன.

மானிடன்22 · ஞாயிறு, இரவு 10.12

ஒப்புக்கொள்கிறேன். நாற்காலிக் கதையை விடுங்கள், உங்கள் கேள்விக்கு நெருங்கிய ஒன்று பிரேசிலின் வடகிழக்கில் உண்டு. மீன்பிடிக்கும் இரண்டு சமூகங்கள். ஒன்று ஏரியில் தனித்தனியாகப் போகிறது, இன்னொன்று கடலில் குழுவாகப் போகிறது. ஏரிக்காரர்கள் தொழிலில் வருஷம் ஏற ஏறப் போட்டி மனப்பான்மை கூடுகிறது. கடல்காரர்களுக்கு வருஷம் ஏற ஏறக் குறைகிறது. மீன் என்பது பொது. ஆளைச் சேர்க்கும் முறைதான் வேறு. அதாவது நீங்கள் சொல்வதே.

சாளைக்காரன் · திங்கள், காலை 6.20

ஐயா, மூணாவது ஊரை எல்லாரும் மறந்துட்டீங்க பாத்தீங்களா. எங்க பக்கம் ஆறு கெடையாதுங்க, கடலும் கெடையாது. கெணறுதான். எருது பூட்டித் தண்ணி எறைக்கற கவலை ஓட்டற காலத்துல ஒரு சோடி எருது, ஒரு ஆளு, ஒரு கெணறு. காலைல நாலு மணிக்கு எருதைப் பூட்டுனா வெயில் ஏர்ற வரைக்கும் முன்னால போறதும் பின்னால வர்றதுமே சோலி. தண்ணிக்கு யாரையும் கேக்க வேண்டியதில்லைங்க, மேட்டூர் தொறக்கோணும்னு பாத்துட்டு இருக்க வேண்டியதுமில்லை. ஆனா கெணறு வத்துனா உங்களுக்கு மட்டுந்தான் வத்தும். பக்கத்துத் தோட்டத்துல பச்சையா இருக்கும்!

வீடே பாருங்க. தஞ்சாவூர்ப் பக்கம் வீடெல்லாம் ஊருக்குள்ள ஒட்டி ஒட்டி இருக்கும், வயல் வெளியில. எங்களுக்குத் தோட்டத்துக்கு நடுவுலயே சாளை, அதான் வீடு. அடுத்த சாளைக்குக் கூப்பிட்டாக் கேக்காது. கொறங்காட்டை, அதான் மேய்ச்சக் காட்டைச் சுத்திக் கிளுவை வேலி, உள்ளார கொழுக்கட்டைப் புல்லு, வெள்வேல மரம், நாலு காங்கேயம் மாடு. வேலி போட்டுக்கிட்டுத் தனியா நின்னு பழகுன சனம். பேச்சுல ‘ங்க’ போடறதை மரியாதைன்னு வெளியூர்க்காரங்க மெச்சுவாங்க. எனக்கென்னமோ எட்ட நின்னு பேசற பழக்கம்னு தோணும்.

போராட்டமும் அப்புடித்தானுங்க. காவேரிப் பக்கத்து விவசாயி ஆத்துத் தண்ணிக்குச் சண்டை போடுவாரு. எங்க பக்கம் 1970-ல விவசாயிகள் தலைவர் நாராயணசாமி நாயுடு காலத்துச் சண்டை கரண்டுக்கு. யூனிட்டுக்குப் பைசாக் கணக்குல ஏத்துனதுக்குக் கோயமுத்தூரே அதிர்ந்துச்சு. 1972-ல கட்டை வண்டியெல்லாம் டவுனுக்குள்ள கொண்டாந்து நிறுத்துனாங்க. பைகாரா மின்சாரம் 1932-ல வந்ததுல இருந்து எங்க கெணத்துக்கு மோட்டார்தானே மேட்டூரு.

மோட்டார் ரிப்பேரு பாக்கக் கத்துக்கிட்டவன் லேத்துப் பட்டறை வெச்சான். கெணறு வத்துன வருசம் பட்டறை சோறு போட்டுச்சு. நகை ஏன் திரும்பி வர்றதில்லைன்னு கேட்டீங்களே, ஆயிரம் அடி போர் போட்டுத் தண்ணி வல்லீன்னா நகையும் போச்சு. வந்தா அதுல வர்ற காசு அடுத்த போருக்கு. சூதாட்டந்தானுங்க. ஆனா அந்தச் சூதாட்டத்துல பழகுன கையிதான் திருப்பூருல பனியன் ஏத்துமதிக்குத் துணிஞ்சுது.

கொக்கி · திங்கள், காலை 8.00

சாளைக்காரரே, ‘ஒரு சோடி எருது, ஒரு ஆளு’ என்ற அந்த ஓர் ஆள் பல தோட்டங்களில் தோட்டத்துக்காரர் இல்லை, வருஷக் கூலிக்கு வந்தவர். அவருக்குச் சாளை இல்லை.

சாளைக்காரன் · திங்கள், காலை 8.33

வாஸ்தவமுங்க. எங்க அப்பிச்சி தானே ஓட்டுனாரு, அதை வெச்சுச் சொன்னேன். எல்லாத் தோட்டமும் அப்புடி இல்லைதான்.

மட்டுறுத்துநர் · திங்கள், காலை 11.00

சாதிப் பெயர் சொல்லி ஒருவரை ஒருவர் குத்திய நான்கு பதிவுகளை எடுத்துவிட்டேன். ‘தொல்காப்பியர் ஐந்திணையிலேயே எல்லாம் சொல்லிவிட்டார், விவாதம் எதற்கு’ என்ற பதிவை எடுக்கவில்லை. ஆனால் தலைப்பு அதுவல்ல என்பதால் தனி இழைக்கு மாற்றியிருக்கிறேன்.

மானிடன்22 · திங்கள், காலை 11.20

மாற்றிவிட்டீர்கள், ஆனாலும் ஒரே ஒரு வரி. தொல்காப்பியர் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருளில், அதாவது அடிப்படையில், வைத்தார். தொழிலை, ‘செய்தி’ என்ற பெயரில், தெய்வம், உணவு, பறை இவற்றோடு கருப்பொருளில், அதாவது அந்த நிலத்துக்கு உரிய பொருள்களில், சேர்த்தார். அதாவது தொழில் தெய்வத்தை உண்டாக்கியது என்று அவர் சொல்லவில்லை, இரண்டையும் ஒரே வரிசையில் உட்காரவைத்தார். பேரேடு ஐயாவின் ‘இடைவெளி’ ஒரு வகையில் பொழுது. அவ்வளவுதான், போய்விட்டேன்.

துலாக்கால் · திங்கள், இரவு 8.45

ரொறன்ரோவில இருந்து எழுதுறன், ஊர் யாழ்ப்பாணம், வலிகாமம் பக்கம். சாளைக்காரர் அண்ணை கிணறு எண்டதும் கை துருதுருத்தது. எங்கட மண்ணும் ஆறில்லாத மண். சுண்ணாம்புக் கல்லுக்குக் கீழ தண்ணி. ஆனா உங்களை மாதிரி மாடு கட்டி இறைக்கேல்லை, துலா. மேல துலா மிதிக்க ஒருத்தர், கீழ பட்டை பிடிச்சு ஊத்த ஒருத்தர், வாய்க்கால் மாற ஒருத்தர். ஆகக்குறைஞ்சது மூண்டு பேர். விடியப்புறம் துலா மிதிக்கிற சத்தம் கேட்டுத்தான் அப்பா எழும்புவாராம். தனி ஆளால ஏலாது. இண்டைக்கு என்ர தோட்டம், நாளைக்கு உங்கட தோட்டம் எண்டு மாறி மாறி.

ஒரு கிணத்தில நாலு பேருக்குப் பங்கு இருக்கும். இறைப்பு முறையும் காணியோட சேர்ந்து பிள்ளையளுக்குப் பிரியும். அதால காணியை ஆருக்கு விக்கிறது எண்டது சின்ன விசயமில்லை. 1707-ல ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) எழுதி வைச்ச எங்கட வழமைச் சட்டம் தேசவழமையிலேயே பங்காளிக்கும் அயல்காணிக்காரருக்கும் முதல் சொல்லவேணும் எண்டு இருக்கு. பிறத்தியான் ஒருத்தன் வந்து உங்கட கிணத்தில பங்காளியாகிறதை யோசிச்சுப் பாருங்கோ.

மற்றது, இடைவெளியைப் பற்றிக் கதைக்கிறியள், மாசச் சம்பளத்தை ஒருத்தரும் சொல்லேல்லையே? புகையிலை விலை ஒரு வருசம் ஏறும், ஒரு வருசம் விழும். வெள்ளைக்காரன் காலத்தில இங்கிலீசு படிச்சு, கொழும்பிலயும் மலாயாவிலயும் கிளாக்கர் வேலைக்குப் போனவைக்கு மாசம் முடிய எண்ணின காசு, கிழவனாகினா பென்சன். ‘கோழி மேய்ச்சாலும் கோறணமேந்தில (கவர்ன்மென்டில) மேய்க்கவேணும்’ எண்ட பழமொழி அங்க பிறந்ததுதான். தோட்டத்தில வெயில் காஞ்ச ஒரு சமூகம் ஒரு தலைமுறைக்குள்ள ‘மாப்பிள்ளைக்கு என்ன உத்தியோகம்’ எண்டு கேக்கத் தொடங்கினது. சீதனமும் அதோட ஏறினது. மண் மாறேல்லை, தண்ணி மாறேல்லை. காசு வாற நாள் மாறினது.

வடகாட்டு_மொய் · செவ்வாய், காலை 10.10

பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு பக்கத்து மொய் விருந்து பத்தி யாராவது எழுதுவீங்கன்னு ரெண்டு நாளாப் பாத்துட்டிருந்தேன். எழுதல, நானே வந்துட்டேன்.

ஆடி, ஆவணியில எங்க பக்கம் கல்யாணம், காதுகுத்து எதுவும் இல்லாமலே விருந்து போடுவாங்க. கறிச்சோறு. சாப்பிட்டவங்க மொய் எழுதிட்டுப் போவாங்க. நாலைஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவைதான் ஒருத்தர் வைக்கலாம். அதுக்கு நடுவுல அவரு மத்தவங்களுக்குத் திருப்பி எழுதணும், வாங்குனதை விடக் கூட்டி எழுதணும். வெளியில இருந்து பாத்தா வேடிக்கை. உள்ள இருந்து பாத்தா வட்டியில்லாத கடன். போர் போடணும், கடை வைக்கணும், பையனைப் படிக்க வைக்கணும்னா மொத்தமாக் காசு எங்க கெடைக்கும்? தென்னை மாசாமாசம் கொஞ்சம் கொஞ்சமாக் கொடுக்கும், மொத்தமாக் கொடுக்காது. கொஞ்சம் கொஞ்சமா வர்ற காசை ஊரெல்லாம் ஒருத்தன்கிட்ட கொண்டுபோய்க் கொட்டுனாத்தான் மொத்தமாகும்.

மொய் நோட்டைத் தொலைச்சவன் ஊர்ல தலைநிமிர முடியாது. எழுதாம விட்டவன் வீட்டு விசேஷத்துக்கு ஆள் வராது. 2018 நவம்பர்ல கஜா புயல்ல தென்னை சாஞ்சப்ப எங்க அப்பா மரத்தை எண்ணலை, மொய் நோட்டை எடுத்து வச்சுக்கிட்டு யாருக்கெல்லாம் திருப்பி எழுதணும்னு எண்ணிட்டிருந்தாரு. வச்ச தென்னை காய்க்க வருஷமாகும். மொய் காத்திருக்காதே.

நெத்திலி · செவ்வாய், காலை 10.48

மொய் நோட்டைக் கேட்டா பயமா இருக்கு. எங்க பக்கம் சட்டி மீனுக்கு நோட்டே கெடையாது. நாலு வருஷம் கழிச்சுத் திருப்பணும்னா எழுதித்தான் ஆகணும் போல. நாளைக்கே திரும்பற கடனுக்கு ஞாபகமே போதும்.

பழைய_பேரேடு · செவ்வாய், பகல் 12.05

நெத்திலி அம்மா, நான் சுற்றிச் சுற்றி எழுதியதை நான்கு வரியில் போட்டுவிட்டீர்கள்.

கச்சானுக்கு ஒரு கேள்வி. பங்காளி என்ற பெருமை இப்போதும் இருக்கிறதா? நான் மாற்றலாகி வரும்போதே விசைப்படகுகள் பெருகிவிட்டன.

கச்சான் · செவ்வாய், இரவு 10.20

இருக்குன்னு பொய் சொல்ல மனசு வரல ஐயா. பெரிய படகுக்கு முதல் பெருசு. கடல்ல போகாதவன்கூட முதலாளி ஆகலாம். ஆளைப் பிடிச்சு வைக்க முன்பணம் கொடுக்கிறாங்க, அதைக் கழிக்கிற வரைக்கும் வேற படகுக்குப் போக முடியாது. கொக்கி சொன்ன பண்ணையாள் கதையைப் படிச்சப்ப எனக்குச் சுருக்குன்னுது. பங்குன்னு பேரு இன்னும் இருக்கு. மாமாவும் நானும் ஒரே பங்குன்னு பெருமையா எழுதினேனே, அது கட்டுமரத்துக்கும் சின்னப் படகுக்கும்தான்.

சுருக்குமடி வலைச் சண்டை உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும், மீன் கூட்டத்தையே வளைச்சுச் சுருக்கி அள்ளுற பெரிய வலை. 2000-ல அரசு தடை போட்டுச்சு. ஆனாலும் கடன் வாங்கிப் போட்டவங்க விடல. 2023 ஜனவரியில உச்ச நீதிமன்றம், கரையோரக் கடல் எல்லைக்கு வெளியில, வாரத்துல திங்களும் வியாழனும் மட்டும், காலை 8-ல இருந்து மாலை 6 வரைக்கும்னு இடைக்கால அனுமதி கொடுத்துச்சு. ஒரே சாமியைக் கும்பிடுற, பொண்ணு கொடுத்துப் பொண்ணு எடுத்த ஊருங்க எதிரெதிரா நின்னுச்சு. சின்ன வலைக்காரனுக்கு இன்னிக்குப் பாடு வேணும், பெரிய வலைக்காரனுக்கு வருஷக் கடனை அடைக்கணும். ஒரே கடல், ரெண்டு நாட்காட்டி.

அப்புறம் ஏப்ரல் 15-ல இருந்து ஜூன் 14 வரைக்கும் விசைப்படகு மீன் பிடிக்க 61 நாள் தடைக்காலம். அன்றாடம் காசு பாக்கிற ஆளுக்கு ரெண்டு மாசம் காத்திருக்கிற பாடம். அந்த ரெண்டு மாசத்துல எங்க தெரு உங்க மன்னார்குடி மாதிரி ஆயிடும் ஐயா. திண்ணையில உக்காந்து வலை பின்னிக்கிட்டு, பழைய கதை பேசிக்கிட்டு, கல்யாணம் பேசிக்கிட்டு.

தாளடி · புதன், காலை 7.30

எங்க ஊரு தலைகீழா ஆயிடுச்சு. தம்பி திருப்பூர்ல. சனிக்கிழமை சம்பளம். அவன் தெருவுல முக்கால்வாசி பசங்க அங்கதான். ஊர்த் திருவிழாத் தேதியைப் போன வருஷம் சனிக்கிழமைக்கு மாத்தலாமான்னு கூட்டத்துல பேசுனாங்க. பெரியவங்க ஒத்துக்கல, ஆனா பேச்சு வந்துடுச்சு.

அறுவடைக்கு மிஷின். நடவுக்கு மேற்கு வங்காளத்துல இருந்து ஆளுங்க வர்றாங்க, குழுவா. ஏக்கருக்கு இவ்வளவுன்னு பேச்சு. மூணு நாள்ல முடிச்சுட்டுப் போயிட்டே இருக்காங்க. வரிசை கோடு போட்ட மாதிரி நடறாங்க, அதுல குறையே சொல்ல முடியாது. குலவை இல்ல, அவ்வளவுதான்.

கொக்கி · புதன், காலை 7.58

கூலி எப்படித் தருகிறீர்கள்? நெல்லா, காசா?

தாளடி · புதன், காலை 8.20

காசுதான். வேலை முடிஞ்ச சாயங்காலமே மேஸ்திரி போனுக்குப் போட்டு விட்டுடணும். ஆனா இந்தத் தடவை கடைசி நாள் அன்னிக்கு அம்மா ஆளுக்கு ஒரு மரக்கா நெல்லு அளந்து தாழ்வாரத்துல வரிசையா வச்சுட்டாங்க. நான் வேண்டாம்னு சொன்னேன், கேக்கல. ‘நடவு முடிஞ்ச ஆளை வெறுங்கையோட அனுப்பக்கூடாதுடா’ன்னாங்க. அம்மா நட்ட காலத்துல கூலியா வாங்குன மரக்காதான் அது.

அந்தப் பசங்க ஒருத்தரை ஒருத்தர் பாத்தாங்க. மேஸ்திரிதான் கொஞ்சம் தமிழ் பேசுவாரு. ‘அம்மா, ரயிலு. நெல்லு எப்படி?’ன்னு கேட்டுச் சிரிச்சாரு.

நெத்திலி · புதன், காலை 8.26

அப்புறம் என்ன ஆச்சு?

தாளடி · புதன், காலை 8.41

ராத்திரியே மில்லுக்குக் கொண்டுபோய் அரைச்சு, பொட்டலம் கட்டிக் காலையில பஸ் ஸ்டாண்டுல கொண்டுபோய்க் கொடுத்துட்டு வந்தேன். அம்மா தவிட்டையும் கேட்டு வாங்கி வரச் சொன்னாங்க, மாட்டுக்கு.